அகதிகளுக்கு வரிசைன்னு ஒண்ணு உண்டா?

"முறைப்படி வரிசையில நின்னு வர வேண்டியதுதானே?" அகதிகள் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த வரிசை எங்கே இருக்குன்னு தேடிப் போனா, அப்படி ஒண்ணு கிடையாது.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பார்த்துடுவோம். ஒரு நாட்டுக்கே வந்து சேர்ந்து, 'இங்கே இருக்க விடுங்க' என்று கேட்பவர் புகலிடம் கோருபவர். மீள்குடியேற்றம் என்பது வேற. ஏற்கெனவே பக்கத்து நாட்டில் தஞ்சம் புகுந்திருக்கும் ஒருத்தரை, மூன்றாவது நாடு தேர்ந்தெடுத்து அழைத்துக்கொள்வது. இது அகதியின் உரிமை இல்லை. அழைத்தே ஆகணும் என்று எந்த நாட்டுக்கும் கட்டாயமும் இல்லை. ஒரு வருஷத்தில் உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருத்தருக்குக்கூட இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

பெரும்பாலும் அகதி தானாக விண்ணப்பிக்கவும் முடியாது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். அவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். அவங்க பார்ப்பது யாருக்கு அவசரம் என்பதைத்தான். சித்திரவதைக்கு ஆளானவர்கள், இருக்கும் இடத்தில் கிடைக்காத சிகிச்சை தேவைப்படுபவர்கள், ஆபத்தில் உள்ள பெண்கள், குழந்தைகள், தஞ்சம் புகுந்த நாட்டிலும் பாதுகாப்பு இல்லாதவர்கள் என்று வகைகள் உண்டு. ரேஷன் கடை மாதிரி முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு இங்கே இல்லை. 20 வருஷமா முகாமில் இருப்பவர் அப்படியே இருக்க, போன வருஷம் வந்தவர் கிளம்பிப் போகலாம்.

பரிந்துரை கிடைச்சாலும் கடைசி முடிவு அழைக்கும் நாட்டுடையது. அமெரிக்காவை எடுத்துக்கோங்க. 1980-ல் வந்த அகதிகள் சட்டப்படி, ஒவ்வொரு நிதியாண்டும் அதிகபட்சம் எத்தனை பேர் என்று அதிபர் நிர்ணயிக்கிறார். அதற்குள் இடம் பிடிக்க கைரேகை, பாதுகாப்புச் சோதனைகள், குடியேற்ற அதிகாரியுடன் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடியணும். இதில் சிக்கல் என்னன்னா, சோதனைகளுக்குக் காலாவதி உண்டு. பாதுகாப்பு அனுமதி வருவதற்குள் மருத்துவச் சான்றிதழ் காலாவதி ஆகிடுச்சுன்னா, திரும்பவும் பரிசோதனை. நடுவில் குழந்தை பிறந்தால் அதையும் கோப்பில் சேர்க்கணும். இப்படியே வருஷங்கள் ஓடிடும். விமான டிக்கெட்டும் சும்மா வருவதில்லை. வட்டியில்லாக் கடனாகத் தந்து, அங்கே போன பிறகு தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்போ இது நடக்கவே நடக்காத காரியமா? இல்லை. பூட்டான் அகதிகள் கதையைப் பாருங்க. 1990-களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்கள் பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டு, கிழக்கு நேபாளத்தில் ஜாப்பா, மொராங் மாவட்ட முகாம்களுக்கு வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டு நாடுகளும் சுற்றுச் சுற்றாகப் பேசின. ஒருத்தர்கூட அந்தப் பேச்சால் ஊர் திரும்பவில்லை.

2006-ல் அமெரிக்கா 60,000 பேர் வரை எடுத்துக்கொள்ளத் தயார் என்றது. ஆஸ்திரேலியா, கனடா, நார்வே என மொத்தம் எட்டு நாடுகள் கைகோத்தன. 2007 கடைசியில் பயணம் தொடங்கியது. 2015-க்குள் ஒரு லட்சம் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதில் பெரும்பகுதியினரை ஏற்றது அமெரிக்காதான். ஊருக்குத்தான் திரும்புவோம் என்று மறுத்துத் தங்கியவர்களும் உண்டு.

பதினஞ்சு வருஷம் முகாமில் கிடந்தபோதும் அவங்க அதே அகதிகள்தான். மாறினது அவங்க தகுதி இல்லை. சில அரசுகளின் மனசுதான் மாறியது.

அதே மனசு திரும்பியும் மாறும். அமெரிக்காவின் உச்சவரம்பு 2024 நிதியாண்டில் 1,25,000. 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே திட்டத்தை நிறுத்த உத்தரவிட்டார். எல்லாச் சோதனையும் முடிந்து டிக்கெட்டோடு காத்திருந்தவர்களின் பயணமும் ரத்தானது. 2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பு 7,500. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் முகாம்களில் இருப்பவர்களின் ஆபத்து எதுவும் குறைஞ்சுடல. கதவைத் திறக்கறவங்கதான் மாறிட்டாங்க. தள்ளி நில்லுன்னு சொல்லப்பட்டவருக்கு, எங்கே நிற்கணும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.