வளவுக்கும் ஒரு வாய்க்கால் வேண்டும்

வயலில் எந்த மடையால் தண்ணீர் விடுவது, எந்த வரம்பை வெட்டி வடிய வைப்பது என்று நமது கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெங்காயத் தறையில் தண்ணீர் தேங்கினால் பயிர் அழுகிவிடும் என்பதை நன்கறிந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே குடும்பங்களின் வளவுக்குள் மாரிகாலத்திற் சென்று பார்த்தால், கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்கி நிற்கின்றது. மலசலகூடக் குழியை வெள்ளம் சூழ்ந்து நிற்கின்றது. வயலுக்குக் காட்டும் கவனத்தை வளவுக்கும் காட்டவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. பிறர் காணியிலோ அரச காணியிலோ குடியிருப்பவர்கள், "இது எங்கள் மண் அல்லவே, இதில் ஏன் பாடுபட வேண்டும்?" என்று எண்ணுவது இயல்பு. வீட்டுத் திட்டத்தில் வீடு பெற்றவர்களுக்கோ மண் புதிது. பிறந்த ஊரில் வெள்ளம் எந்த மூலையால் ஓடும் என்பது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த விடயம். புதிய காணியில் அதை அறிய ஒரு மாரியாவது கழியவேண்டும். அந்த ஒரு மாரியே சுவரையும் கிணற்றையும் கெடுத்துவிடப் போதுமானது.

பாலைநிலத்தில் நிலையான இடமின்றி அலைந்த இஸ்ரயேல் மக்களுக்கும் இந்தப் பொறுப்பு விதிக்கப்பட்டிருந்தது. பாளையத்துக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கி, சிறு கோலால் குழி தோண்டி, மலத்தை மண்ணால் மூடவேண்டும் என்று இணைச்சட்ட நூல் 23ஆம் அதிகாரம் கூறுகின்றது. தங்கும் இடம் தற்காலிகமானது என்பதற்காகச் சுகாதாரம் பிற்போடப்படவில்லை.

கூரை தரும் தண்ணீர் எவ்வளவு?

நமது வட பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. 550 சதுர அடி வீடு ஒன்றின் கூரை, தாழ்வாரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 600 சதுர அடி வரும். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் சுமார் 5,500 லீற்றர் தண்ணீர் விழும். 200 லீற்றர் பரல்களில் நிரப்பினால் 27 பரல்கள். இத்தனையும் சுவரின் அடியிலேயே ஊறினால் அத்திவாரத்தின் கீழுள்ள மண் இளகும். மணற்பாங்கான இடத்தில் மண் அரித்துச் செல்லப்படும். முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற களிமண்ணோ நனையும்போது பருத்து, கோடையிற் காயும்போது சுருங்கி வெடிக்கும். மண் ஏறி இறங்கும்போது சுவரும் வெடிக்கின்றது. சீமெந்து பூசி வெடிப்பை மூடலாம். தண்ணீரைத் திருப்பாவிட்டால் அடுத்த மாரியில் அது மீண்டும் வாய் திறக்கும்.

குழிக்குள் நடப்பது என்ன?

மலக்குழி ஒரு பாத்திரம் போன்றது அல்ல. திண்மக் கழிவு அடியில் தங்க, நீர்ப்பகுதி சுற்றியுள்ள மண்ணுக்குள் மெல்ல ஊறிச் செல்கின்றது. அவ்வாறு செல்லும்போது மண் அதனை வடிகட்டுகின்றது. சுற்றியுள்ள மண் ஏற்கெனவே மழைநீரால் நிரம்பியிருந்தால் கழிவுநீருக்குப் போக இடமில்லை. அப்போது மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காது, குழி பொங்கும், கழிவு வெள்ளத்தோடு கலந்து கிணற்றை நாடும். "குழி நிறைந்துவிட்டது" என்று மாரியில் முறையிடுபவர்கள் பலரது குழியில் நிறைந்திருப்பது மழைத் தண்ணீரே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் கூடிய கவனம் தேவை. அங்கு நிலத்தடியில் இருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மண் மெல்லிதாக உள்ள இடங்களில் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கல் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குச் சென்றுவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும். கல் நிலத்தில் 100 அடி என்றாலும் அது அதிகமல்ல. உங்கள் கிணற்றை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள அயலவர் கிணற்றையும் சேர்த்தே அளவுங்கள்.

ஐப்பசிக்கு முன் செய்யவேண்டியவை

இவற்றுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு கடகம், இரண்டு மூன்று நாள் உழைப்பு போதும்.

1. முதல் மழைகளின்போது குடையுடன் வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே வருகின்றது, எங்கே தேங்குகின்றது, எங்கே வெளியேறுகின்றது என்று தடி நட்டு அடையாளம் இடுங்கள்.

2. சுவரைச் சுற்றி மண் போட்டு இறுக்கி, சுவரிலிருந்து பத்து அடி தூரத்துக்குள் ஆறு அங்குலம் சரியும்படி மட்டம் செய்யுங்கள். பீலி இல்லாத வீட்டில், தண்ணீர் விழும் கோட்டில் கல் அல்லது உடைந்த ஓடு பரப்பினால் மண் குழிவிழாது.

3. பீலி இருந்தால் அதன் தண்ணீரைப் பரலுக்கோ வாய்க்காலுக்கோ விடுங்கள். ஒருபோதும் மலக்குழிப் பக்கம் விடவேண்டாம்.

4. குழியின் மேட்டுப் பக்கத்தில், பத்து அடியாவது விலகி, பிறை வடிவில் வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைத் திருப்புங்கள். ஒரு சாண் ஆழம் போதும். ஆழமாக வெட்டினால் குழியின் கழிவுநீரே வாய்க்காலுக்குள் கசியும்.

5. குழியின் மூடி நிலமட்டத்துக்கு மேலே இருக்கட்டும். விளிம்பில் வெடிப்பு இருந்தால் சீமெந்தால் அடையுங்கள். சுற்றிவர மண் அணைத்துப் புல் வளர விடுங்கள். ஆல், அரசு, வேம்பு அருகில் வேண்டாம். வேர் குழியை உடைக்கும்.

6. கிணற்றடித் தண்ணீரும் குசினித் தண்ணீரும் வாழைக்கும் கமுகுக்கும் போகட்டும். நம் முன்னோர் கிணற்றடியில் வாழை வைத்தது இதற்காகவே.

7. வாய்க்காலுக்கு 100 அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். தேங்கினால் நுளம்பு பெருகும்.

வெள்ளம் நிற்கும்போது குழியை இறைக்க வேண்டாம். வெறுமையான தொட்டியை நிலத்தடி நீர் மேலே தள்ளும். கல்லுக் கட்டிய குழியானால் இடிந்து விழக்கூடும். நீர் வற்றும்வரை மலசலகூடத்தில் தண்ணீரைக் குறைவாக ஊற்றுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறிக் கிணற்றுக்கு குளோரின் இடுவியுங்கள்.

தண்ணீருக்கு வேலி தெரியாது

நமது வளவுத் தண்ணீரை அயலவர் வளவுக்குத் திருப்பிவிடுவது வடிகால் அல்ல. அது சண்டைக்கு வித்து. வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து ஒன்றாகக் குடியேறிய கிராமங்களில் இத்தகைய பிணக்குகள் மனக்கசப்பாக வளர்ந்துவிடுகின்றன. ஒழுங்கையில் உள்ள குடும்பங்கள் ஒன்றுகூடி, வீட்டு வாய்க்கால்களை ஒரு பொது வாய்க்காலில் சேர்த்து, அதனைக் குளத்துக்கோ தரவைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். வீதியைக் கடக்க மதகு தேவைப்பட்டால் கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு வீட்டின் கோரிக்கையை விட ஒழுங்கை முழுவதன் கையொப்பத்துக்கு வலு அதிகம்.

பல ஆண்டுகளின் பின் சொந்த ஊர் திரும்பியோருக்கு இன்னொரு பணியும் உண்டு. பழைய வெள்ளவாய்க்கால்கள் பற்றை மூடியும், மண் அணைகளால் மறிக்கப்பட்டும் கிடக்கின்றன. அவற்றின் வழி முதியோரின் நினைவில் இன்னும் உண்டு. அவர்களை அழைத்துச் சென்று கேட்டு, படம் கீறி வையுங்கள். அவர்கள் காலத்தின் பின் கேட்க ஆளிராது. ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத இடத்தில் எவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. பழைய குழிகளும் பாழ்கிணறுகளும் பற்றைக்குள் மறைந்திருக்கலாம். பிள்ளைகளைத் தனியே விடவேண்டாம்.

2008 நவம்பரில் நிஷா புயல், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளம், 2025 நவம்பரில் நாட்டையே உலுக்கிய டித்வா புயல் என்று பெருவெள்ளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. அத்தகைய வெள்ளத்தை வளவு வாய்க்கால் தடுத்துவிடாது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் சாதாரண மழை நம் சுவரைத் தின்னாமலும், கிணற்றை நஞ்சாக்காமலும் அது காக்கும்.

சொந்த மண்ணோ வந்த மண்ணோ, அங்கு தண்ணீர் குடிப்பவர்கள் நம் பிள்ளைகளே. இந்த மாரிக்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, ஒழுங்கையாகச் சேர்ந்து மண்வெட்டியைக் கையில் எடுப்போம்.