சுழலும் கைம்முதல்

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலுள்ள உறவினருக்கு இயன்ற பொருளுதவி செய்து வருகிறோம். அப்பளம் இடுவதற்கோ, ஆடு வாங்குவதற்கோ கைம்முதல் வேண்டும் என்று தமக்கையோ அத்தையோ எழுதினால் மறுப்பதில்லை. ஆயினும், அப்பணம் மருத்துவச் செலவிலும் சீர்வரிசையிலும் கரைந்து, தொழில் நின்றுபோவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். அதன்பின் அவர்களுக்குத் தண்டல்காரனின் வட்டிதான் கதி. குறை அப்பெண்மணிகளிடம் இல்லை. தனித்த கையில் உள்ள பணத்திற்குக் காவல் இல்லை.

இக்குறைக்கு மாற்று கண்டதில் தமிழகத்திற்கும் பங்குண்டு. 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைக்கப்பெற்றன. 1992-இல் நபார்டு வங்கி, சோதனை முயற்சியாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்க முற்பட்டது. 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் இம்முறையை நாடெங்கும் கொண்டு சென்றது.

தவறாது கூடுதல், தவறாது சேமித்தல், தம்முள் கடன் கொடுத்தல், தவணையில் திருப்புதல், கணக்கைச் செம்மையாக எழுதுதல் ஆகிய ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்பர். இவற்றைக் கடைப்பிடிக்கும் குழுவிற்கே சுழல்நிதி வழங்கப்படுகிறது. இயக்கத்தின் தொடக்க விதிகளில் இது குழு ஒன்றுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்தது.

இத்தொகை போதுமா என்று கேட்கலாம். 15,000 ரூபாயைப் பன்னிருவர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 1,250 ரூபாய்; ஒரு மாதமும் நில்லாது. குழுவின் பொதுப்பணமாக வைத்து, முதலில் இருவருக்குக் கடனாகக் கொடுத்தால் ஒருத்தி தையல் இயந்திரம் வாங்குவாள். மற்றொருத்தி மாவு அரைக்கும் இயந்திரத்திற்கு முன்பணம் கட்டுவாள். அவர்கள் திருப்பும் பணம் அடுத்த இருவருக்குப் பயன்படும். அரசு கொடுத்தது மானியமே. குழுவினுள் அது கடனாக நடமாடுவதால்தான் அழியாமல் நிற்கிறது. 2020-இல் மத்திய அரசு வகுத்த சிறு உணவுத் தொழில் திட்டமும், குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனத்தைக் கூட்டமைப்பின் வாயிலாக அளிக்க வழி செய்தது.

எனினும், பணம் மட்டும் தொழிலாகிவிடாது. செய்த பொருளை வாங்குவோர் வேண்டும். உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவும், முறையான சிப்பமும் வேண்டும். பல தொழில்கள் தளர்வது இவ்விடத்தில்தான்.

நம்மால் ஆவது இங்கேதான் உள்ளது. உதவி கேட்கும் உறவினரிடம், "எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறாய்?" என்று முதலில் வினவுவோம், சேராதவரைச் சேரச் செய்வோம். தில்லி முதலிய நகரங்களில் நடைபெறும் சரஸ் கண்காட்சிகளில், பேரம் பேசாது பொருள் வாங்குவோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு வேண்டிய வடகம், ஊறுகாய், மசாலைப் பொடி ஆகியவற்றை ஊர்க் குழுக்களிடமிருந்து மொத்தமாகத் தருவிக்கலாம். கொடை ஒரு முறை உதவும். வாடிக்கை ஆண்டு முழுதும் உதவும். அடுத்த பண்டிகைக்கு முன்பே இதனைத் தொடங்குதல் நம் கடமையாகும்.