எறிதலும் வீசுதலும்: ஒரு தூண்டிற் கலையின் சொற்கள்

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தூண்டில் இடும் பாணன் ஒருவனைக் காட்டுகிறார். நீண்ட மூங்கிற்கோல், அதில் கட்டிய நாண், வளைந்த வாயுடைய இரும்பு, இரை பொதிந்த தோற்பை ஆகியவை அவனுடைய கருவிகள். இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், பின்பு நீரருகே நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் அஞ்சுகிறது. மீனின் அச்சத்தைக்கூட உற்றுநோக்கிய மொழியில் தூண்டிற் கலைக்குச் சொற்பஞ்சம் இருக்க வழியில்லை. ஆயினும் மேலைநாட்டாரின் இருகைத் தூண்டில் வீச்சைத் தமிழில் விளக்கப் புகுவோர் முதற்சொல்லிலேயே இடறுகின்றனர்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையாறுகளில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் உண்டு. ஆற்றில் பிறந்து கடல் சென்று, முட்டையிட ஆற்றுக்கே மீள்வது அது. நீலகிரியில் 1907இல் அமைந்த அவலாஞ்சி மீன்குஞ்சுப் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரௌட்டும் இதுவும் ஒரே இனம்; கடல் செல்வதும் செல்லாததுமே வேறுபாடு. எனவே தமிழ்நிலத்துக்கு இது முற்றிலும் அயல்மீன் அன்று.

இம்மீனைப் பிடிக்கும் முறையை 'ஈ மீன்பிடி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாணவர் ஈயைக் கொக்கியில் கோத்ததாகவே எண்ணுவர். உண்மையில் கொக்கியில் இருப்பது இறகும் மயிரும் நூலால் கட்டிய போலி. ஸ்டீல்ஹெட் ஆற்றுக்குள் வந்தபின் பெரிதும் இரை தேடுவதில்லை. அதற்கெனக் கட்டும் போலிகள் பல எந்தப் பூச்சியையும் ஒத்திரா. 'பொய்யிரை' என்பதே பொருந்தும்.

வினைச்சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. சுங்கை பினாங்குக்கு அருகே, இந்த டத்தோ கிராமாட்டில் வாழும் நமக்குக் கடலோரத் தூண்டில் பழகிய காட்சி. அங்கே ஈயக்குண்டு பறக்கிறது. நாண் அதன்பின் இழுபட்டுச் செல்கிறது. அது எறிதல். பொய்யிரைக்கோ எடையே இல்லை எனலாம். அதை எறிந்தால் காலடியில் விழும். இங்கே எடை தடித்த நாணில் இருக்கிறது. கோல் வளைந்து நிமிரும் விசை நாண் வழியே அலையாய் ஓடி, பொய்யிரையைக் கொண்டுசேர்க்கிறது. கைவீசி நடக்கிறோம், விசிறி வீசுகிறோம், காற்று வீசுகிறது. 'கல்லை வீசினான்' என்பதும் வழக்கே; எனினும் பிடித்த பொருளைக் கைவிடாமல் விசையை மட்டும் செலுத்துவதற்கு 'எறி' ஒவ்வாது, 'வீசு' ஒவ்வும். ஆகவே அந்நாணை 'வீச்சுநாண்' எனலாம். 'நாண்' சங்கப் பாணனின் சொல்லே.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் மரங்கள் நெருங்கியிருந்தமையால் நாணைப் பின்னால் நீளவிட இடமில்லை. அதனால் நாணின் நுனியை நீர்மேல் ஊன்றச் செய்து, எஞ்சிய பகுதியை அருகிலேயே வில்போல் வளைத்து முன்னே செலுத்தும் முறை வளர்ந்தது. பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட கோலை இரு கைகளாலும் பிடிப்பர். மேற்கை ஊன்றாய் நிற்க, கீழ்க்கை அடிக்கோலை மார்பை நோக்கி இழுக்கும். வலிமையைவிடக் காலம் அறிதலே இதில் பெரிது. இதனை 'இருகை வீச்சு' என எளிதாய்ச் சொல்லலாம்.

வீச்சுக்குமுன் உடலருகே உருவாகும் அந்த நாண்வளைவுக்கு மட்டும் தனிச்சொல் இன்னும் வேண்டும். 'வில்வளைவு' எனச் சிலகாலம் எழுதிவந்தேன். வில்லில் நாண் வளைவதில்லை, தண்டே வளைகிறது என்று மாணவி ஒருத்தி மறுத்தாள். 'மடிப்பு' என்பது அவள் தந்த சொல்.