உங்களுக்குத் தெரியுமா? லண்டன் குவில்ட்டும் கைச்சாயத் துணியும்

மேலே வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் அதுதான் குவில்ட். லண்டனில் இந்தப் போர்வையின் கதையைத் தேடிப் போனால், பாதி வழியில் நம் சோழமண்டலக் கரை வந்துவிடுகிறது. கையால் சாயம் தோய்த்த துணியில் ஒரு குவில்ட் தைத்துப் பார்க்க ஆசைப்படுவோருக்காகக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் செய்முறை.

கடல் கடந்து வந்த வண்ணம்

● உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய குவில்ட்டுகளில் ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1360க்கும் 1400க்கும் இடையில் சிசிலியில் தைக்கப்பட்டது. டிரிஸ்டன் என்ற வீரனின் கதைக் காட்சிகள் அதில் உண்டு. ஆனால் பல வண்ணத் துணிகள் கிடையாது. லினன் துணியில் பழுப்பு, வெள்ளை நூல்களாலேயே அத்தனை உருவங்களையும் எழுப்பியிருக்கிறார்கள்.

● நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ், 1663 செப்டம்பரில் தன் மனைவியின் வாசிப்பறைச் சுவருக்காக வாங்கியது இந்தியச் சித்திரத் துணி. அப்போது சென்னைக் கோட்டைக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. நம் கடற்கரையின் வண்ணத்துணிகள் அதற்குள் லண்டன் வீடுகளின் உள்ளறை வரை போய்விட்டன.

● அந்தத் துணிகள் துவைத்தாலும் நிறம் போகாதவை. லண்டன்காரர்களை வியக்கவைத்தது அதுதான். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்தினார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலாலும், கறுப்பு வர வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலாலும் எழுதினார்கள். பிறகு சாயவேர்க் கொதிநீரில் போட்டதும், எழுதிய இடம் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொண்டது. நீலத்துக்கு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினார்கள்.

● இந்த நுட்பத்தை ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதி அனுப்பியவர்களில் ஒருவர், சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ. ஆண்டு 1742. உள்ளூர்ச் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அவர் எழுதினார். கடிதத்தில் அவர் பெயர் நிலைத்தது. சொல்லிக்கொடுத்த கைவினைஞர்களின் பெயர்களையும் வரலாறு பாதுகாத்திருக்க வேண்டும்.

போர்வைக்கும் தடை

● இந்தியப் பருத்தியால் தங்கள் பிழைப்பு போகிறது என்று 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அச்சிட்ட பருத்தி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள்.

● அதன் விளைவாக 1721இல் ஒரு சட்டம் வந்தது. அச்சிட்ட, சாயமிட்ட பருத்தியை உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20 பவுண்டு. கட்டில், மெத்தை, திரைச்சீலைக்கும் இதே தடைதான். முழுதும் நீலமாகச் சாயமிட்ட துணிக்கு விலக்கு உண்டு.

● புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் கேரிக்கும் இந்தத் தடைக்குத் தப்பவில்லை. கல்கத்தா வணிகர்கள் அவர் வீட்டுக்குப் பரிசாக அனுப்பிய மசூலிப்பட்டினத்துச் சித்திரத் துணிகளை 1775இல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அவை அலங்கரித்த கட்டிலை இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சாயக்காரர்களின் நகரம்

● தேம்ஸ் நதியின் அன்னங்களில் ஒரு பங்கு லண்டன் சாயக்காரர் சங்கத்துக்குச் சொந்தம்! 1471இல் அரச சாசனம் பெற்ற சங்கம் இது. மன்னர், திராட்சைமது வணிகர் சங்கம், சாயக்காரர் சங்கம் என மூன்று தரப்புக்கும் அந்த உரிமை உண்டு. ஆண்டுதோறும் ஜூலையில் படகில் போய் அன்னங்களைக் கணக்கெடுக்கிறார்கள்.

● கிழக்கு லண்டனின் 'போ' பகுதி ஒரு காலத்தில் சிவப்புக்குப் பேர்போனது. 1643இல் அங்கே குஃப்லர் என்பவர் சாயப்பட்டறை அமைத்தார். கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தில் வெள்ளீய உப்பைச் சேர்த்தபோது கண்ணைப் பறிக்கும் செந்நிறம் கிடைத்தது. மக்கள் அதை 'போ சாயம்' என்றே அழைத்தார்கள்.

● உலகை மாற்றிய செயற்கைச் சாயமும் கிழக்கு லண்டனில்தான் பிறந்தது. 1856இல் 18 வயது மாணவர் வில்லியம் பெர்கின், கேபிள் தெருவிலிருந்த தன் வீட்டில் மலேரியா மருந்தான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். கிடைத்தது ஊதா நிறச் சாயம். அடுத்த ஆண்டே கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலை தொடங்கினார். கேபிள் தெருவில் அந்த இடத்தைக் காட்டும் நினைவுப் பலகை உண்டு.

● ஐரோப்பிய மஞ்சிட்டி வேரும் நம் சாயவேரும் தந்த சிவப்பின் உயிர் அலிசரின் என்ற பொருள். 1868இல் அதையும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1869இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாள் லண்டனில் பெர்கினும் விண்ணப்பித்தார். வேர் தோண்டி வாழ்ந்த குடும்பங்களின் தொழில் சரிய இதுவே பெரிய காரணம்.

● செயற்கைச் சாயம் ஓங்கியிருந்த காலத்தில் பழைய முறைக்குத் திரும்பியவர் வில்லியம் மோரிஸ். 1881இல் தென் லண்டனின் மெர்ட்டன் அபேயில், வாண்டில் ஆற்றங்கரையில் பட்டறை அமைத்தார். துணி முழுவதையும் அவுரியில் முக்கி, வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார். 1883இல் வந்த அவருடைய 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியைக் குவில்ட் தைப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

● இங்கிலாந்தில் கைச்சாயக் கலைக்கு மறுவாழ்வு தந்த எத்தல் மைரேயின் முதல் கணவர் ஒரு தமிழரின் மகன். கலை அறிஞர் ஆனந்த குமாரசாமிதான் அவர். தந்தை இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமி. 1903இல் இலங்கை சென்ற தம்பதியர் அங்குள்ள கைவினைகளைச் சில ஆண்டுகள் ஆய்ந்தார்கள். பின்னர் தாவரச் சாயங்கள் பற்றி எத்தல் எழுதிய நூல் 1916இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் வெளியானது.

சிறையிலும் தைத்தார்கள்

● 1841 ஏப்ரலில் லண்டன் வூலிச்சிலிருந்து 'ராஜா' என்ற கப்பல் 180 பெண் கைதிகளுடன் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டுக்குப் புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் சங்கம் அவர்களுக்கு ஊசி, நூல், துணித்துண்டுகள் கொடுத்து அனுப்பியது. ஜூலையில் கரை இறங்கியபோது 2,815 துண்டுகள் இணைந்த ஒரு குவில்ட் தயார்! அது இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

● 2010இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய குவில்ட் கண்காட்சிக்கு அந்த 'ராஜா' குவில்ட் வந்தது. அதே கண்காட்சியில் லண்டன் வான்ட்ஸ்வொர்த் சிறையின் ஆண் கைதிகள் தைத்த குவில்ட்டும் இடம்பெற்றது. கைதிகளுக்குத் தையல் கற்றுத்தரும் 'ஃபைன் செல் வொர்க்' அறக்கட்டளை அதற்குத் துணை நின்றது.

● 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள், தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்ட்டுகளைத் தைத்தார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதை ஆண்கள் முகாமுக்குச் சொல்ல அதுவே வழி. அதில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. அதே சிறையில் சாரணச் சிறுமிகள் தைத்த இன்னொன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்களே சாயமேற்ற

● வீட்டில் சாயமேற்றுவோர் இன்று பெரிதும் பயன்படுத்துவது 'புரோசியான்' வகைச் சாயம். பெர்கினின் ஊதா வந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1956இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது நூலின் மேல் படிவதோடு நிற்காமல், பருத்தி இழையுடன் வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. அடுப்பு தேவையில்லை, சோடா மட்டும் போதும்.

● துணி 100 சதவீதம் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் இந்தச் சாயத்தை ஏற்காது. புதுத்துணியைச் சுடுநீரில் நன்கு துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி இருக்கும் இடத்தில் திட்டுத் திட்டாகத்தான் நிறம் பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டி பல முறை துவைத்து மிருதுவானது. சாயத்தை அழகாக உறிஞ்சும்.

● லண்டன் கடைகளில் கிடைக்கும் சலவை சோடாப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். செய்முறையில் நீரற்ற சோடாத்தூள் என்று எழுதியிருந்தால், படிகத்தை ஏறத்தாழ மூன்று மடங்கு எடுக்க வேண்டும். சாயம் வெளிறிப்போனதாகப் பலர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● லண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். மஞ்சிட்டிச் சிவப்புக்கு அது நல்லது, நிறம் தெளிவாக எழும். புரோசியானுக்கு நல்லதல்ல. சாயக் கரைசலில் நீரை மென்மையாக்கும் பொடி சிறிது சேர்ப்பது நலம்.

● ஒரே சாயத்தில் எட்டு அடர்த்திகள் வேண்டுமா? முதல் டப்பாவில் அடர்கரைசல் ஊற்றுங்கள். அதில் பாதியை இரண்டாவதில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேருங்கள். இப்படியே பாதி பாதியாகப் போனால், எட்டாவது டப்பாவில் முதல் கரைசலின் 128இல் ஒரு பங்கு அடர்த்திதான் இருக்கும். கருநீலத்திலிருந்து விடியற்கால வானம் வரை ஒரே வரிசையில் கிடைக்கும். மஞ்சள், மஜந்தா, நீலப்பச்சை ஆகிய மூன்று சாயங்கள் இருந்தால் அநேகமாக எல்லா நிறங்களையும் கலந்து எடுக்கலாம்.

● சாயத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அது ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் தரலாம். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது.

● குளிர்காலத்தில் சாயத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டின் கதகதப்பான மூலையில் ஓரிரவு வையுங்கள். குளிரில் சாயம் சரியாகப் பிடிக்காது. மறுநாள் முதலில் தண்ணீரிலும் பின்பு சுடுநீரிலும் நிறம் வடிவது நிற்கும்வரை அலசுங்கள். இதில் சோம்பினால், குவில்ட்டின் முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளைத் துண்டுகள் கறைபடும்.

● அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். பல முறை முக்கினால்தான் கருநீலம் வரும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது.

● சமையலறை மஞ்சள் எளிதில் துணியில் ஏறும், வெயிலில் எளிதில் வெளுக்கவும் செய்யும். பல ஆண்டுகள் நிலைக்க வேண்டிய குவில்ட்டில் அதை நம்பாதீர்கள்.

● அறுகோணத் துண்டுகளைக் காகித அச்சின் மேல் மடித்துத் தைப்பது பழைய ஆங்கிலேய முறை. முடிக்காமல் விட்ட குவில்ட்டுகளில் அந்தக் காகிதங்கள் அப்படியே இருக்கும். பழைய கடிதம், கணக்குத்தாள், செய்தித்தாள் என்று அதில் அகப்படுவதை வைத்தே அருங்காட்சியகத்தார் குவில்ட்டின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

● 2025 மே மாதம் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பூங்காவில் 'வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்' திறக்கப்பட்டது. சேமிப்பிலுள்ள பொருள்களில் ஐந்து வரை இணையத்தில் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்தால், இலவசமாக நேரில் காட்டுவார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்தோ வெம்பிளியிலிருந்தோ ஒரு நாள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், சோழமண்டலத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திரும்பியதும் ஒரு பழைய வேட்டியை எடுத்துச் சாயத்தில் முக்குங்கள். லண்டனுக்கு வண்ணம் கொடுத்த கரையின் பிள்ளைகள் நாம். அந்தத் தொழில் நம் கைக்கும் வர வேண்டும்.