சுருட்டை விரியனுக்கு ஏற்றது மண்பானை

மானாவாரி நிலத்தில் கல் பொறுக்குவோரையும் விறகு சேர்ப்போரையும் கடிக்கும் பாம்புகளுள் சுருட்டை விரியன் முக்கியமானது. இதன் கடிக்கு மருந்து செய்ய இதன் விஷமே தேவை. விஷம் எடுக்க வேண்டுமானால், பாம்பைச் சில வாரங்கள் நோயின்றி வைத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் இதற்குக் கையாண்ட சாதனம் சாதாரண மண்பானைதான்.

பானையின் சிறப்பு

பானையின் அடியில் மணல் பரப்பி, பாம்பை விட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கட்டிவிடுவர். சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே சேரும் ஈரம் அவற்றின் வழியே கசிந்து வெளியேறும். துணி வழியே காற்று புகும். பகலில் கல்லுக்கு அடியில் பதுங்கும் பாம்புக்குப் பானையின் இருட்டும் ஒத்துப்போகிறது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஈரம் வெளியேற வழியில்லை.

ஈரம்

சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. ஈர மணலில் தொடர்ந்து கிடந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கண்டு அழுகும். சளி பிடித்தால் வாயைத் திறந்து மூச்சு விடும். மூக்கில் நுரை தள்ளும். எனவே நனைந்த மணலை உடனே மாற்ற வேண்டும். கடலோரத்திலும் மழைக்காலத்திலும் கூடுதல் கவனம் தேவை.

அதற்காக ஒரேயடியாகக் காயவிடுவதும் தவறு. ஈரம் போதாவிட்டால் சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாகக் கழலும். கண் மேலும் வால் நுனியிலும் ஒட்டிக்கொள்ளும். கண் பால் நிறமாக மங்கினால் சட்டை உரிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று அறியலாம். அப்போது ஒரு பக்கம் மட்டும் சிறிது ஈரம் இருந்தால் போதும்.

வெப்பம்

பாம்பின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. குளிர்ந்தால் இரை செரிக்காது. 40 டிகிரிக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. பானைகளை வெயில் படாத கூரையின் கீழ் வைப்பது இதற்காகவே.

வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவர். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொண்டு கூட்டு விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது.

எச்சரிக்கை

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிப் பாம்பு பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இப்பாம்பின் விஷம் ரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆகவே கடிவாயைக் கீறக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.