மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் காரீயமும்

நீரிழிவு உடையோர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் எச்பிஏ1சி பரிசோதனையை நம் வாடிக்கையாளர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். அது அன்றைய இருப்பைக் காட்டுவதன்று. காலாண்டின் சராசரி இருப்பைக் காட்டுவது. அளவு 6 என்றால் இரத்தச் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 126 மில்லிகிராம். 8 என்றால் 183.

ஆனால் இக்கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. இரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள்கள் வாழ்கிறது; அந்நாள்களில் அதன் ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாகச் சர்க்கரை ஒட்டுகிறது; ஒட்டியதை அளக்கிறோம். சிவப்பணு காலத்திற்கு முன்பே மடிந்தால் சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசமில்லை. உடலில் சர்க்கரை மிகுந்திருந்தும் அறிக்கையில் எண் குறைந்து தோன்றும்.

சிவப்பணுவை இவ்வாறு முன்கூட்டியே மடியச் செய்வனவற்றுள் காரீயம் முக்கியமானது. இரத்தத்தில் கலந்த காரீயத்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள்ளேயே தங்குகிறது. ஹீமோகுளோபினை உருவாக்கும் நொதிகளைத் தடுப்பதோடு, அணுவின் மேலுறையையும் நலிவடையச் செய்கிறது. உற்பத்தி குறைகிறது, ஆயுளும் குறைகிறது, விளைவு இரத்தசோகை. ஆர்செனிக் எலும்பு மச்சையையே தாக்கவல்லது. கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்காளம், பீகார் மாநிலங்களின் பல பகுதிகளில், நிலத்தடி நீரில் இது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிக் காணப்படுகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். புகையிலைப் புகை வழியே வரும் காட்மியமோ பல்லாண்டுகள் சிறுநீரகத்தில் தங்கும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் சுரப்பதும் அதே சிறுநீரகந்தான். நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த உறுப்புக்கு இது இரட்டைச் சுமை.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சி எண்ணை உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும். அக்குறைபாடு உடையவரின் குடல் காரீயத்தை அதிகமாகவும் உறிஞ்சும். ஆகவே எண் எத்திசையில் பிழைபடும் என்பதை ஊகத்தால் சொல்ல இயலாது.

காரீயம் பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்களிலிருந்து வருகிறது. நிறத்திற்காகக் காரீய குரோமேட் கலந்த மஞ்சள்தூளிலிருந்து வருகிறது. சர்க்கரையைக் குணமாக்கும் என்று பெயர்ச்சீட்டின்றி விற்கப்படும் பொடிகளிலிருந்தும் வரக்கூடும்; நோயைத் தீர்க்க உண்பதே நோயளவை மறைத்துவிடும் கொடுமை அது. நம் வீட்டு ஈயச்சொம்பைப் பற்றியும் ஒரு சொல்: அது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்கவேண்டும். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே வழங்குவதால், விலை மலிந்த காரீயக் கலப்பு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

வீட்டுக் கருவியில் காலை அளவு நாள்தோறும் 200-ஐ ஒட்டியிருக்க, எச்பிஏ1சி 6 என்று வந்தால், அதைக் கண்டு மகிழ்ந்து மருந்தைக் குறைத்துவிடலாகாது. இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். செய்யும் தொழில், குடிக்கும் நீர், உண்ணும் பொடி ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழு இரத்த அணுப் பரிசோதனையும், தேவையெனில் இரத்தக் காரீய அளவும் அவர் எழுதித் தருவார். சிவப்பணுவைச் சாராமல் கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனையும் இருக்கிறது. ஐயம் எழும்போது அதைக் கேட்டுப் பெறலாம்.