பைனாகுலருக்கு வாரும் மூடியும் தைக்கலாம் வாங்க



தையல் பயிற்சி முடித்த குழுக்களுக்குப் போனால் ஒரே கேள்விதான். "பிளவுஸ், பாவாடை, துணிப்பை எல்லாரும் தைக்கிறாங்க. நாங்க புதுசா என்னங்க தைக்கிறது?" பறவைகள் வந்து தங்கும் ஏரிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற குழுக்களுக்கு இந்த இதழில் ஒரு யோசனை சொல்கிறோம். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டும் வாரும், அதன் கண்ணாடிக்கு மூடியும் தைக்கலாம். சின்னச் சாமான்தான். ஆனால் இதில் நாங்கள் ஒரு தடவை சறுக்கியிருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

யாருக்குத் தேவை?

வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், கோடியக்கரை போன்ற இடங்களுக்கு மழைக்காலம் தொடங்கிப் பறவைகள் வருகின்றன. கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், பூநாரை இவற்றைப் பார்க்க மக்களும் வருகிறார்கள். வழிகாட்டிகள், மாணவர்கள், பறவை ஆர்வலர்கள் கையில் பைனாகுலர் இருக்கும்.

அதன் மேல் 8×42 என்று எழுதியிருக்கும். 8 என்றால் உருவம் 8 மடங்கு பெரிதாகத் தெரியும். 42 என்றால் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. காலையில் இருந்து மதியம் வரை கழுத்தில் தொங்கினால் எப்படி இருக்கும்? மெல்லிய வாராக இருந்தால் கழுத்தை அறுக்கும். அதனால்தான் அகலமான, மெத்தென்ற வாரைத் தேடுகிறார்கள்.

வார் அறுந்தால் என்ன ஆகும்?

பைனாகுலருக்குள் பட்டகம் என்ற கண்ணாடித் துண்டுகள் அளவு பிசகாமல் பொருத்தப்பட்டிருக்கும். கீழே விழுந்தால் அது கொஞ்சம் நகர்ந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் ஒரு பறவை இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். ரிப்பேர் செலவும் அதிகம்.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் நம் குழு மாதிரிக்கு நாலு வார் தைத்தது. துணிப்பை தைத்து மீந்த பருத்தி நூலையே போட்டார்கள். "பரவாயில்லை, தைங்க" என்று சொன்னதும் நாங்கள்தான். ஒரு வாரை அந்த ஊர் வழிகாட்டித் தம்பி மாட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம், கோபுரப் படியில் ஏறும்போது தையல் விட்டுப்போய் பைனாகுலர் விழுந்துவிட்டது. ரிப்பேருக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் பெரிய விவாதம். "அந்தத் தம்பி சரியா மாட்டியிருக்க மாட்டார்" என்றார் ஒரு அக்கா. பிரதிநிதி அறுந்த வாரை நடுவில் எடுத்துப் போட்டார். பட்டை நன்றாக இருந்தது. வியர்வையில் நனைந்து நனைந்து நூல்தான் இற்றுப்போயிருந்தது. பிறகு யாரும் பேசவில்லை. பாதிப் பணத்தைக் குழு கொடுக்க, மீதியைக் களப்பணியாளர்கள் நாங்கள் போட்டோம். தீர்மானப் புத்தகத்திலும் எழுதினோம். இரண்டாவது தடவை சரியாகத் தைத்துக் கொடுத்த வாரைத்தான் அந்தத் தம்பி இன்றைக்கும் போட்டிருக்கிறார்.

வார் தைக்கும் முறை

* பைனாகுலரின் இரு பக்கமும் சின்ன வளையம் இருக்கும். அதில் நுழைகிற மாதிரி ஒல்லியான நைலான் பட்டை வேண்டும். பெரும்பாலும் 1 செ.மீ. அகலம் சரிவரும். இருந்தாலும் வளையத்தை அளந்துவிட்டே வாங்குங்கள்.
* கழுத்தில் படும் பகுதி 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். உள்ளே மெல்லிய ஃபோம், மேலே கெட்டியான கேன்வாஸ் துணி.
* நூல் பாலியஸ்டர் நூலாகத்தான் இருக்க வேண்டும். ஊசி 16 அல்லது 18 நம்பர்.
* பட்டையும் துணியும் சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் போதாது. சதுரமாக நாலு பக்கமும் அடித்து, நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்கே அடிக்க வேண்டும்.
* நைலான் பட்டையை வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள். பிரியாது. உருகிய முனையை விரலால் தொடாதீர்கள், சுட்டுவிடும்.
* பக்கிளில் கோத்த பிறகு 5 செ.மீ. நுனி மிச்சம் இருக்க வேண்டும். நுனியைத் திரும்ப உள்ளே செருகினால் வழுக்காது.

பைனாகுலர் நெஞ்சுக்கு நேராக நிற்க வேண்டும். வயிறு வரை தொங்கினால் குனியும்போது ஆடி, படியிலும் கம்பியிலும் இடிக்கும். அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிள் கட்டாயம்.

மூடி எதற்கு?

கழுத்தில் தொங்கும்போது கண் வைக்கும் பக்கம் மேலே பார்த்திருக்கும். தூசி, மழைத்துளி, வியர்வை, முறுக்குத் தூள் எல்லாம் அதில்தான் விழும். பலர் உடனே முந்தானையாலோ துண்டாலோ துடைத்துவிடுவார்கள். அதில் இருக்கிற மணல் கண்ணாடியின் மேல் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊத வேண்டும், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் அதற்கென்று உள்ள மென்மையான துணி.

முன்பக்கத்துக்கு வரும் ரப்பர் மூடி அச்சில் வார்ப்பது. அது நம் வேலை இல்லை. கண் பக்கத்துக்கு, இரண்டையும் சேர்த்து மூடும் துணி மூடியை நாம் தைக்கலாம். மேலே தண்ணீர் இறங்காத துணி, உள்ளே நூல் உதிராத மெல்லிய துணி. மூடியின் ஓரத்தில் ஒரு காது வைத்து வாரில் கோத்துவிட்டால் தொலையாது. ஒரு பக்கம் மட்டும் கோத்தால் தூக்கிப் பார்க்கும்போது மூடி தானாக விலகிக்கொள்ளும்.

மூன்று விஷயம் வேண்டாம். ஒன்று, ஜிகினாவும் உலோகப் பொத்தானும்; கண்ணாடியில் கீறும். இரண்டு, வெல்க்ரோ; பிரிக்கிற சத்தத்தில் பறவை பறந்துவிடும். மூன்று, பளிச்சென்ற நிறம். பச்சை, காக்கி, பழுப்பு நல்லது.

விற்கும் முன் சோதனை

ஒவ்வொரு வாரையும் தண்ணீரில் ஊறவைத்து, 5 கிலோ எடையை ஓர் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் தையலைப் பாருங்கள். ஒரு இழை நகர்ந்திருந்தாலும் பிரித்துத் தையுங்கள். தைத்தவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்று இருந்தால் சங்கடம் வராது.

கட்டுபடியாகுமா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பட்டை, பக்கிள், துணி, ஃபோம் 70 ரூபாய். நூல், மெஷின் தேய்மானம் 10 ரூபாய். முக்கால் மணி நேரக் கூலி 50 ரூபாய். சேதாரம் 10 ரூபாய். மொத்தம் 140. இதற்கு மேல்தான் லாபம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். நம் உழைப்புக்குக் கூலி போடாமல் விலை சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இது பெரிய சந்தை இல்லை. சீசனில் சில மாதம்தான் ஓடும். இதை நம்பி வங்கிக் கடன் வாங்க வேண்டாம். முதலில் பத்து வார் தைத்து வழிகாட்டிகளிடமும் கல்லூரி இயற்கை மன்றங்களிடமும் காட்டுங்கள். ஆர்டர் வந்த பிறகு குழுவின் உள்கடன் எடுத்தால் போதும். மற்ற மாதங்களில் இதே பட்டை, இதே தையலில் ஸ்கூல் பை வாரும் தண்ணீர் பாட்டில் வாரும் தைக்கலாம்.

யாரோ ஒருவர் சேர்த்து வைத்து வாங்கிய பொருள் நம் தையலை நம்பித்தான் தொங்குகிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். செய்ய விருப்பம் உள்ள குழுக்கள் தீர்மானம் போட்டு உங்கள் பகுதிக் களப்பணியாளரிடம் கொடுங்கள். மாதிரி வாரோடு நாங்கள் வருகிறோம். அறுந்துபோன அந்த வாரையும் எடுத்து வருகிறோம்.